சேப்பாக்கத்தில் ஒரு கடைசி ஓவர்

2024 டிசம்பர். பிரிஸ்பேனில் மழை. ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட் ஆட்டம் டிரா. பேட்டி கொடுக்க வந்த கேப்டன் ரோகித் சர்மாவுக்குப் பக்கத்தில் அஸ்வினும் வந்து உட்கார்ந்தார். இந்திய வீரராக இன்றோடு சரி என்றார். கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நிலையில் இல்லை என்று எழுந்து போய்விட்டார். 106 டெஸ்ட், 537 விக்கெட், 6 சதம், ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் 37 தடவை, முரளிதரனுக்குச் சமமாக 11 தடவை தொடர் நாயகன். பதின்மூன்று வருட உழைப்பு ஒரு மேஜை, ஒரு மைக்கோடு முடிந்துவிட்டது. மறுநாள் மாம்பலத்தில் வீட்டு வாசலில் மேளம் அடித்து, மாலை போட்டு, அம்மா கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்தபோது என் கண்ணும் நனைந்தது.

அவமானப்படுத்தினார்களா, இல்லையா என்று வாரம் முழுக்க டி.வி.யில் பட்டிமன்றம். அவருடைய அப்பா மனம் நொந்து ஒரு வார்த்தை சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசினார்கள். அந்தக் குடும்பத்தைக் கொஞ்சம் நிம்மதியாக விட்டிருக்கலாம். பெற்ற மனசு அப்படித்தான் பேசும். எனக்கு இருக்கும் கோபம் வேறு. சேப்பாக்கத்திடம் ஏன் சொல்லவில்லை?

செப்டம்பர் 19 அன்று நான் அங்கே இருந்தேன். பங்களாதேஷுக்கு எதிராக 144 ரன்னுக்கு ஆறு விக்கெட் போய்விட்டது. எனக்கு முன்வரிசையில் இருந்தவர் சாப்பாட்டுப் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பத் தயாராகிவிட்டார். எட்டாவதாக இறங்கினார் அஸ்வின். சாயங்காலம் நிழல் நீண்டபோது அவர் சதத்தைத் தாண்டியிருந்தார். அதற்குள் ஜடேஜாவோடு சேர்ந்து 195 ரன். கிளம்பத் தயாரானவர் கடைசிப் பந்து வரை நின்றுகொண்டே பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை உணவு இடைவேளைக்குள் 88 ரன்னுக்கு ஆறு விக்கெட் எடுத்து ஆட்டத்தையும் முடித்துக் கொடுத்தார். வெள்ளைச் சட்டையில் அவரை இங்கே பார்ப்பது அதுதான் கடைசி என்று அங்கிருந்த ஒரு ஜீவனுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் நான்கு நாளும் ஒருவர்கூட உட்கார்ந்திருக்க மாட்டோம்.

1999இல் பன்னிரண்டு ரன்னில் தோற்ற துக்கத்திலும் எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கைதட்டிய மைதானம் இது. சொந்தப் பிள்ளைக்கு அந்தக் கைதட்டலைக் கொடுக்கும் வாய்ப்பு அதற்குக் கிடைக்கவில்லை. டெண்டுல்கர் 2013இல் தன் 200ஆவது டெஸ்ட்டை ஆடி விடைபெற்றது அவர் வளர்ந்த மும்பையில், வான்கடேயில். கும்ப்ளேவை 2008இல் தோளில் தூக்கிச் சுற்றி வந்தது டெல்லியில், ஒரே இன்னிங்ஸில் அவர் பத்து விக்கெட்டையும் எடுத்த அதே மைதானத்தில். இரண்டும் செய்ய வேண்டிய மரியாதைதான். இந்தியாவுக்காக டெஸ்ட்டில் கும்ப்ளேவுக்கு அடுத்தபடியாக அதிக விக்கெட் எடுத்தவருக்கு மட்டும் ஏன் விடுபட்டது?

அவராகவே எடுத்த முடிவு என்று கிரிக்கெட் வாரியம் சொல்லும். அது உண்மைதான். பெர்த்திலேயே விலக நினைத்தவரை, அடிலெய்டு வரை இருங்கள் என்று நிறுத்தி வைத்ததாக ரோகித்தே சொன்னார். ஒருவர் அப்படி முடிவெடுக்கும் இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதைத்தான் நான் பார்க்கிறேன். 2021இல் இங்கிலாந்துக்குப் போய் ஆடிய தொடரில் ஒரு டெஸ்ட்டிலும் அவருக்கு இடமில்லை. 2023இல் ஓவல் மைதானத்தில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி. தரவரிசையில் முதலிடத்தில் இருந்த பந்துவீச்சாளர் தண்ணீர் பாட்டில் தூக்கினார். நாம் 209 ரன்னில் தோற்றோம். இந்த ஆஸ்திரேலியத் தொடரில் அவர் இடத்தில் பெர்த்தில் வாஷிங்டன் சுந்தர், பிரிஸ்பேனில் ஜடேஜா. வாஷிங்டனும் நம் வீட்டுப் பிள்ளை, அவர் ஆடியதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் 38 வயதுக்காரரிடம் நியூசிலாந்து தொடர் முடிந்ததுமே, ‘அஸ்வின், அடுத்து நம் ஊரில் டெஸ்ட் வர ஒரு வருடம் ஆகும், உன் மனசில் என்ன இருக்கிறது’ என்று தோளில் கைபோட்டு யாராவது கேட்டிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். சென்னை சூப்பர் கிங்ஸ் 9.75 கோடிக்கு எடுத்ததே, 2025 ஐ.பி.எல்.லில் சேப்பாக்கத்தில்தானே ஆடினார் என்று சமாதானம் சொல்லாதீர்கள். மஞ்சள் சட்டையில் நான்கு ஓவர் போடுவதும், ஐந்தாம் நாள் பிற்பகலில் புழுதி பறக்கும் பிட்சில் லெக்கில் ஒருவர், சில்லி பாயிண்ட்டில் ஒருவர் நிற்கப் பந்து போடுவதும் ஒன்றாகாது.

என்ன வருடம் அந்த 2024! ரசிகன் நெஞ்சு தாங்காத வருடம். மே மாதம் ஐ.பி.எல். இறுதிப் போட்டி நம் ஊரில் நடந்தது, நம் அணி அதில் இல்லை. ஜூனில் பார்படாஸில் ஏழு ரன் வித்தியாசத்தில் டி20 உலகக் கோப்பை. பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத்தை வீழ்த்தியது வெறும் 100 கிராம் கூடுதல் எடை. அந்த இரவு நான் தூங்கவில்லை. ஈட்டி எறிதலில் நீரஜ் 89.45 மீட்டர் எறிந்தார், அர்ஷத் நதீம் 92.97 எறிந்தார், இருவருமே நம் பிள்ளைகள் என்று நீரஜின் அம்மா சொன்னதும் மனசு லேசானது. பாராலிம்பிக்கில் மாரியப்பன் மூன்றாவது முறையாகப் பதக்கம் வாங்கினார். துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ என்று பாட்மிண்டனில் மூன்று தமிழ்ப் பெண்கள். அரையிறுதியில் துளசிமதியும் மனிஷாவும் வலைக்கு இரண்டு பக்கமும் நின்றபோது யாருக்குக் கைதட்டுவது என்று தெரியவில்லை. சேப்பாக்கத்தில் அஸ்வின் முடித்த அதே ஞாயிறு மாலை, புடாபெஸ்டில் செஸ் ஒலிம்பியாடில் ஆண்களும் பெண்களும் தங்கம். டிசம்பர் 12இல் சிங்கப்பூரில் டிங் லிரென் யானையைத் தவறாக எஃப் 2இல் கொண்டுவந்து வைத்தார். ஒரு நிமிடம் குகேஷால் நம்பவே முடியவில்லை. 18 வயதில் உலக சாம்பியன். அழுது முடித்த பிறகு காய்களையெல்லாம் எடுத்துப் பழையபடி அடுக்கி வைத்தாரே, அதை வளர்ப்பு என்று சொல்வேன்.

நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவை இதில் விட்டுவிட மாட்டேன். புதுவண்ணாரப்பேட்டை, ஆட்டோ ஓட்டுபவரின் மகள், அப்போது வயது 17. இருமுறை உலக சாம்பியனாகி, 1996இல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயமும் சென்னைக்காரர்தான். அஸ்வினிலிருந்து காசிமாவுக்கு எதற்குத் தாவுகிறாய் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

அஸ்வின் கையில் இருந்த அந்தப் பந்தை உலகம் கேரம் பால் என்கிறது. 1950களில் ஆஸ்திரேலியாவில் ஐவர்சன் விரலை மடக்கிப் பந்து போட்டார். 2008 ஆசியக் கோப்பை இறுதியில் இலங்கையின் மெண்டிஸ் நம்மை 13 ரன்னுக்கு ஆறு விக்கெட் எடுத்துச் சுருட்டினார். நம் தெருவில் அதற்குப் பெயர் சொடக்கு பால். டென்னிஸ் பந்தை நடுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே வைத்துச் சொடக்குப் போட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று காஜி (பேட்டிங்) அடிப்பவனுக்குத் தெரியாது. அஸ்வின் அதைப் பார்த்தது சென்னை டென்னிஸ் பால் கிரிக்கெட்டில். அங்கே ஆடிய ஒருவரிடமிருந்துதான் பிடித்துக்கொண்டார். ஸ்டம்ப்பாக மின்கம்பமும் பலகையும் உள்ள இடத்தில் அவருக்குக் கிடைத்த வித்தை அது. ஜோக்கராக இரண்டு பக்கமும் ஆடி, ஒன் பிட்ச் கேட்ச்சுக்கு அவுட்டாகி, பந்தை எறிகிறான், மாங்கா அடிக்கிறான் என்று சண்டை போட்ட பையன்கள் கொடுத்த சொத்து. அந்த 537இல் தெருவுக்கும் பங்கு உண்டு.

அந்தத் தெருவில் இன்று கார் நிற்கிறது. காலி மனையில் அடுக்குமாடி. சரி, பள்ளிக்கூடத்திலாவது ஆடட்டும் என்றால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்கிறார். அரையாண்டுத் தேர்வு வந்துவிட்டால் மைதானத்தில் காக்காய்தான் நிற்கிறது. இதைப் பல முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேரமாக எடுக்கப்பட்ட உடற்கல்வி ஆசிரியர்கள் 2024இலும் பகுதிநேரம்தான், சம்பளம் 12,500. நிரந்தரம் செய்வோம் என்று 2021 தேர்தலில் தி.மு.க. வாக்குக் கொடுத்தது. குகேஷுக்கு 5 கோடி, பாராலிம்பிக் நால்வருக்கும் சேர்த்து 5 கோடி என்று முதல்வர் அள்ளிக் கொடுத்தார். மனதார வாழ்த்துகிறேன், இன்னும் கொடுக்கட்டும்.  ஆனால் விதைக்கிறவன் அப்போது 12,500 ரூபாயில் குடும்பம் நடத்த முடியாமல் மாலையில் வேறு வேலைக்குப் போனான், ஐயா.

குகேஷ் செஸ் பழகியது ஏழு வயதில், வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். அதே ஆண்டு, 2013இல், ஆனந்தும் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்காகச் சென்னையில் மோதியபோது கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தான் அந்தச் சிறுவன். ஒருநாள் உள்ளே உட்கார வேண்டும் என்று அங்கேதான் தோன்றியது. அதற்காக நாலாம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளியை விட்டான். காது மூக்கு தொண்டை மருத்துவரான அப்பா, தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார். எத்தனை அப்பாக்களால் அது முடியும்? பெரிய ஆட்டத்தைப் பக்கத்தில் நின்று ஒரு தடவை பார்ப்பது குழந்தைக்கு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்திடம் கேட்கிறேன். அஸ்வினிடம் போய்ப் பேசுங்கள்.  தமிழ்நாட்டுக்காகச் சேப்பாக்கத்தில் ஒரு ரஞ்சி ஆட்டம், நான்கு நாள், வெள்ளைச் சட்டை, சிவப்புப் பந்து. டிக்கெட் வேண்டாம், கதவைத் திறந்துவிடுங்கள். காலரிக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளை பி.டி. வாத்தியார்களோடு பஸ் வைத்து அழைத்து வாருங்கள், காசிமாவை முன்வரிசையில் உட்கார வையுங்கள். நான்காம் நாள் சாயங்காலம் பட்டாபிராமன் கேட் முனையிலிருந்து அவர் ஆறு பந்து போடட்டும். அதில் ஒன்று சொடக்கு பாலாக இருக்க வேண்டும்.