அழுகை கம்மினால்

வென்டிலேட்டரிலிருந்து மீண்ட குழந்தையின் அழுகை கம்மிப்போனால், மூச்சு இரைந்தால், குரல்நாண் அசைகிறதா என்று பார்த்தாக வேண்டும். இதய அறுவை சிகிச்சையின்போது, பெருந்தமனியைச் சுற்றிவரும் இடது குரல்நாண் நரம்பு அடிபட்டிருக்கலாம். மூக்கு வழியே குழாய் விட்டுப் பார்ப்பதுதான் இன்றும் உறுதியான சோதனை. நலிந்த பிள்ளை அதில் திணறிவிடும். கழுத்தின் முன்புறம் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியைக் குறுக்காக வைத்தாலோ, பிள்ளை அழ அழ, இரு நாண்களும் ஒருசேர விலகிச் சேர்வது திரையில் தெரியும். குருத்தெலும்பு இறுகாத வயது என்பதால் படமும் தெளிவு. முதற்கட்டச் சோதனைக்கு இது போதும்.

இந்தச் சோதனைக்காக மதுரைக்குப் போவதென்றால், காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 90 கி.மீ.; மூச்சுத் திணறும் குழந்தைக்கு அது நெடுந்தூரம். சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டப்படி ஸ்கேன் கருவிக்குப் பதிவு அவசியம். அதில் தளர்வு வேண்டாம். வேண்டியது பழகிய கை. குழந்தைகள் பிரிவு மருத்துவர்களுக்கு இந்தப் பயிற்சியை அந்தக் கல்லூரியிலேயே சுகாதாரத் துறை தொடங்கட்டும்.