சிங்கப்பூரில் அடங்கி நடக்கிறோம், முதுமலையில்?

வேலைக்காக சிங்கப்பூர் வந்து பத்து வருஷம் ஆகிறது. போன டிசம்பர் லீவில் ஊருக்குப் போனபோது, மைசூரிலிருந்து பந்திப்பூர், முதுமலை வழியாகக் குடும்பத்தோடு ஊட்டிக்குக் காரில் போனோம். தெப்பக்காட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரம் ஒரு குரங்குக் கூட்டம். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, கண்ணாடியை இறக்கி, நான்தான் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து வீசினேன். பின்சீட்டிலிருந்து எட்டு வயது மகள் கேட்டாள்: "அப்பா, இங்க ஃபைன் கிடையாதா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அவள் கேட்டதில் தப்பே இல்லை. சிங்கப்பூரில் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக்கு அவளோடு நடக்கப் போவேன். அங்கேயும் குரங்குகள் உண்டு. 2020 ஜூனில் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டப்படி, காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். திரும்பச் செய்தால் 10,000 வரை. அதனால் குரங்கைப் பார்த்தால் பையின் ஜிப்பைக்கூடத் திறக்க மாட்டேன். அதே ஆள்தான் முதுமலையில் கண்ணாடியை இறக்கினேன்.

இரண்டு சிப்ஸில் என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். டிரைவர் அண்ணன் சொன்னார்: "நீங்க போட்டுட்டுப் போயிடுவீங்க சார். அது அடுத்த வண்டிக்கும் ஓடி வரும். எல்லா வண்டியும் பிரேக் போடாது."

உண்மைதான். காட்டுக்குள் பழமும் இலையும் தேடித் திரிய வேண்டிய குரங்கு, ரோட்டில் குட்டியோடு காத்துக் கிடக்கிறது. மனுஷன் மேல் இருந்த பயம் போய், பையைப் பிடுங்குகிறது. பிறகு "குரங்குத் தொல்லை" என்று நாமே புகார் சொல்கிறோம். உப்பு ஒட்டிய காலி கவரை மானோ யானையோ தின்றால் அது வயிற்றிலேயே தங்கிவிடும். வண்டியில் அடிபட்டு விலங்குகள் சாகின்றன என்பதால்தான் அந்த ரோட்டில் ராத்திரி 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. பகலில் அவற்றின் உயிர் நம் கையில்தான்.

தங்குமிடத்திலும் கவனம் வேண்டும். 2021 ஜனவரியில் மசினகுடியில், ஏற்கெனவே முதுகில் காயத்தோடு திரிந்த ஒரு யானை விடுதி ஒன்றின் அருகே வந்தது. அதன் மேல் நெருப்பை வீசினார்கள். காது கருகிய யானை கொஞ்ச நாளில் செத்துப்போனது. அந்த வீடியோவைப் பார்த்து நாம் எல்லோரும் கொதித்தோம். ஆனால் யானை வழித்தடத்தில் ரூம் கட்டுகிறவர்கள் நம்மை மாதிரி, டாலரிலும் வெள்ளியிலும் சம்பாதித்து லீவுக்கு வருகிறவர்களை நம்பியும்தான் கட்டுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் வனத்துறை அபராதம் போடட்டுமே என்று கேட்கலாம். போடட்டும், வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு காவலரை நிறுத்த முடியாது.

ஆகவே லீவுக்கு ஊருக்குப் போகிறவர்களிடம் சில வேண்டுகோள்கள். காட்டு ரோட்டில் வண்டியை நிறுத்தாதீர்கள், இறங்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள். யானை நின்றால் தள்ளியே காத்திருங்கள், செல்ஃபி வேண்டாம். குப்பையை ஊட்டி வரைக்கும் வண்டியிலேயே வைத்திருங்கள். ரூம் போடும்முன் அனுமதி பெற்ற இடமா என்று கேளுங்கள். "நைட் சஃபாரி கூட்டிட்டுப் போறேன்" என்று ஜீப்காரர் யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். சஃபாரி போக ஆசைப்பட்டால் வனத்துறை வண்டி இருக்கிறது.

நம் பிள்ளைகள் ஊரைப் பார்ப்பது வருஷத்தில் இரண்டு, மூன்று வாரம்தான். அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை நம்மைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். வரும் டிசம்பரிலும் அதே வழியாகப் போகிறோம். "ஃபைன் இருந்தாலும் இல்லாட்டாலும் போடக் கூடாதும்மா, அன்னைக்கு அப்பா செஞ்சது தப்பு" என்று மகளிடம் சொல்ல வேண்டும்.