180 சாவடி 5 ஆன கதை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கி என்றொரு நகரம். ஏறக்குறைய 6 லட்சம் மக்கள். பீர் ஆலைகளும் இயந்திரத் தொழிற்சாலைகளும் வளர்த்துவிட்ட பாட்டாளிகளின் ஊர். தேர்தல் என்றால் அங்கே 180 ஓட்டுச் சாவடிகள் திறப்பது வழக்கம். 2020 ஏப்ரல் 7 அன்று திறந்தவை எத்தனை தெரியுமா? ஐந்து! ஐந்தே ஐந்து!

கொரோனா கொள்ளைநோய் கொடிகட்டிப் பறந்த நாட்கள் அவை. வீட்டைவிட்டு வெளியே வராதீர் என்று மார்ச் 25 முதல் அரசின் கட்டளை. வெளியே வந்து வரிசையில் நில்லுங்கள் என்று தேர்தலின் கட்டளை. சாவடியில் வேலை பார்ப்போரில் பெரும்பாலோர் முதியவர்கள். உயிருக்கு அஞ்சி ஒதுங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆள் இல்லை, ஆகவே சாவடி இல்லை. முகமூடி அணிந்து, ஆளுக்கு ஆறடி தள்ளி, இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நின்றார்கள் மக்கள். ஆலங்கட்டி மழை வேறு! இது கேலிக்கூத்து என்று எழுதிய அட்டையை ஏந்தி நின்றாள் ஒரு பெண். ஆம், கேலிக்கூத்துதான். ஆனால் யார் ஆடிய கூத்து?

அது முதற்கட்டத் தேர்தல். அதிபர் பதவிக்குத் தம் கட்சியின் வேட்பாளர் யார் என்று ஓட்டுப் போட்டுச் சொல்லும் தேர்தல். ஜனநாயகக் கட்சியில் பைடனா, சாண்டர்சா என்ற போட்டி அதற்குள் ஏறத்தாழ முடிந்துபோயிருந்தது. பிறகு ஏன் அந்த அவசரம்? அதே ஓட்டுச்சீட்டில் இன்னொரு பதவியும் இருந்தது. மாநில உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி நாற்காலி, பத்தாண்டுப் பதவி. அதில் அமர்ந்திருந்தவர் டேனியல் கெல்லி, டிரம்ப்பின் ஆதரவு பெற்றவர். எதிர்த்து நின்றவர் ஜில் கரோஃப்ஸ்கி. நகரத்து ஏழைகள் வராதுபோனால் யாருக்கு லாபம் என்பதைக் கணக்குப் போட நமக்கு வாத்தியார் வேண்டுமா?

மாநிலக் கவர்னர் டோனி எவர்ஸ். (அங்கே கவர்னர் என்றால் மேலிடம் அனுப்பிவைக்கும் மனிதர் அல்ல; மக்கள் ஓட்டால் வருபவர்.) அவரும் தாமதித்தார், தேர்தல் நடக்கட்டும் என்றே நாட்களைக் கடத்தினார். கடைசியில் விழித்து, ஏப்ரல் 4 அன்று சட்டமன்றத்தைக் கூட்டினார். கூடியது; விவாதமே இன்றிக் கலைந்தது. 2018 தேர்தலில் அதிக ஓட்டு வாங்கிய ஜனநாயகக் கட்சிக்கு 99 இடங்களில் 36 மட்டுமே கொடுத்த தொகுதிப் பிரிவினையில் பிறந்த மன்றம் அது! ஏப்ரல் 6 அன்று தேர்தலை ஜூன் 9க்கு ஒத்திவைத்து ஆணையிட்டார் எவர்ஸ். அன்றே மாநில உச்ச நீதிமன்றம் 4க்கு 2 என்று அதை ரத்துச் செய்தது. கெல்லி மட்டும் ஒதுங்கியிருந்தார்.

தேர்தல் தேதியைத் தனியொரு மனிதர் மாற்றலாமா என்ற கேள்வி அற்பமானதல்ல. இன்று நோயைக் காட்டித் தள்ளிவைப்பவர், நாளை தோல்விக்கு அஞ்சித் தள்ளிவைக்கமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அதை நாமும் கேட்போம். ஆனால் கவர்னருக்கு அதிகாரமில்லை என்றவர்கள், அதிகாரமுள்ள சட்டமன்றம் வாயடைத்துக் கிடந்ததற்கு என்ன பரிகாரம் கண்டார்கள்? அந்த நீதிபதிகள் மக்கள் நேரில் வரும் விசாரணைகளை முன்பே நிறுத்திவைத்தவர்கள். தமக்கு ஒரு நீதி, தறிக்காரனுக்கு ஒரு நீதி!

தபால் ஓட்டு இருந்ததே என்பார்கள். இருந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கேட்டார்கள். ஆயிரக்கணக்கானோருக்குத் தேர்தல் நாள்வரை சீட்டே வந்து சேரவில்லை. ஏப்ரல் 13க்குள் வந்து சேர்ந்தால் போதும் என்று ஒரு நீதிபதி அவகாசம் தந்தார். அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 5க்கு 4 என்று, 7ஆம் தேதி அஞ்சல் முத்திரை வேண்டும் என்றது. வராத சீட்டுக்கு முத்திரை குத்துவது எப்படி?

மறுநாள் சட்டமன்றச் சபாநாயகர் ராபின் வாஸ் ஒரு சாவடியில் காட்சி தந்தார். அங்கி, கையுறை, முகமூடி சகிதம் நின்று, வெளியே வருவதில் ஆபத்தே இல்லை என்று மொழிந்தார். மில்வாக்கி வட்டாரத்தில் கருப்பின மக்கள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. அந்நாட்களில் அங்கே கொரோனாவுக்குப் பலியானவர்களில் பாதிக்கு மேல் அவர்கள். அவர்களுக்கு எந்த அங்கி கிடைத்தது?

மில்வாக்கி நகராட்சியையும் விட்டுவிடக்கூடாது. அதே நாளில் தலைநகர் மேடிசனில் 60க்கு மேற்பட்ட சாவடிகள் திறந்திருந்தன. எட்டு நாள் கழித்து, ஏப்ரல் 15 அன்று, தென்கொரியா பொதுத்தேர்தலையே நடத்தியது: வாசலில் காய்ச்சல் பரிசோதனை, ஒவ்வொரு கைக்கும் உறை, தனிமையில் இருந்தவர்களுக்கு மாலையில் தனி நேரம். 66 சதவிகிதம் பேர் ஓட்டளித்தார்கள். மனமிருந்த இடத்தில் வழி இருந்தது.

விஸ்கான்சினில் ஓட்டுகள் எண்ணப்பட்டது ஏப்ரல் 13 அன்று. 1,60,000க்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் கெல்லி தோற்றார். அவ்வாண்டு டிசம்பரில் டிரம்ப், தாம் தோற்ற அதிபர் தேர்தலில் மில்வாக்கி, மேடிசன் வட்டாரங்களின் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகளைச் செல்லாதவையாக்கக் கோரி அதே மாநில நீதிமன்றத்தின் படியேறினார். 4க்கு 3 என்று அது தள்ளுபடியானது. அந்த நால்வரில் ஒருவர் கரோஃப்ஸ்கி.