விருதுகளால் இசைக்கு ஆவது என்ன?

நமது பாடசாலையின் ஆண்டு விழா நெருங்கும்போது இரண்டு வேலைகள் நம் தலைமேல் வந்து விழுவது வழக்கம். ஒன்று மண்டப ஒழுங்கு. மற்றையது கேடயங்களுக்கும் பதக்கங்களுக்கும் பட்டியல் தயாரித்தல். இம்முறை அந்தப் பட்டியலைத் தொடங்குமுன்னரே பெற்றோர் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. இசைப் போட்டியையும் அதற்கான பரிசுகளையும் நிறுத்திவிட்டால் என்ன? பரிசு இல்லாவிடின் பிள்ளைகள் பயில மாட்டார்கள் என்றனர் சிலர். பரிசு இருப்பதனாலேயே பயிலாமல் விடுகின்றனர் என்றனர் வேறு சிலர். கூட்டம் முடிவின்றிக் கலைந்தது. ஆசிரியர் என்ற வகையில் நமது கருத்தை இம்மலர் வாயிலாகக் கூறுதல் கடமையெனக் கருதுகிறோம்.

முதலில் நமது குற்றத்தை ஒப்புக்கொள்ளல் வேண்டும். சென்ற ஆண்டுப் போட்டியில் நடுவர் மூவருள் நாமும் ஒருவராக அமர்ந்திருந்தோம். பத்து வயதுச் சிறுமியொருத்தி கண்களை மூடிக்கொண்டு, சபையை மறந்து, பாட்டுக்குள்ளேயே நின்று பாடினாள். சரணத்தில் ஓரிடத்தில் தாளம் சற்றே விலகியது. நாம் ஒரு புள்ளியைக் குறைத்தோம். அந்த ஒரு புள்ளியால் அவளுக்கு மூன்றாமிடம் கிடைத்தது. கேடயம் முதலாமிடத்துக்கு மட்டுமே என்றபடியால் ஒரு சான்றிதழைச் சுருட்டிக் கையில் கொடுத்து அனுப்பினோம். அதன்பின் அவள் இசை வகுப்புக்கு வரவில்லை. தனக்குப் பாட்டு வராது என்று தாயாரிடம் சொன்னாளாம். பாட்டு வருமென்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் அவளுக்கு அதைச் சொல்ல நமது புள்ளித் தாளில் இடமிருக்கவில்லை.

சிறுவர் போட்டியில் மட்டுமா இக்குறை உள்ளது? இசையுலகின் பெரும் விருதுகளையும் எண்ணிப் பார்ப்போம். கர்நாடக இசைக்கு உயர்ந்ததெனப் பலரும் கருதும் விருது சென்னை மியூசிக் அக்கடமி வழங்கும் சங்கீத கலாநிதி. அவ்வமைப்பு 1928இல் தோன்றியது. இப்பட்டத்தை வழங்கத் தொடங்கியது 1942இல். ஒரு மிருதங்க வித்துவானுக்கு அது கிடைக்க 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு பாலக்காடு மணி ஐயர் அதனைப் பெற்றார். பெண் இசைக் கலைஞர் ஒருவருக்குக் கிடைத்தது 1968இல், எம். எஸ். சுப்புலட்சுமி அவர்களுக்கு. அதற்கு முன்னர் பெண்கள் பாடவில்லையா? மிருதங்கம் பேசவில்லையா? பாடினர், பேசியது. கேட்டோரும் அறிந்திருந்தனர். அறிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் அத்தனை ஆண்டுகள் சென்றன.

நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று நம் முன்னோர் போற்றிய திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பெயர் அப்பட்டியலில் இல்லை. அவர் 1956இல் மறைந்தார். அவரது தோடி இன்றும் ஒலிநாடாக்களிலிருந்து கணினிகளுக்கு மாறி வாழ்ந்துகொண்டிருக்கிறது. விளம்ப காலத்தின் அழகை உணர்த்திய எம். டி. ராமநாதனின் பெயரும் அங்கில்லை. அவர்கள் இல்லாமையால் அவர்தம் இசைக்குக் குறைவேதும் நேரவில்லை. குறைவு பட்டியலுக்கே. எனவே, விருது என்பது கொடுப்போர் எழுதும் ஒரு பரீட்சை என்றே நாம் கொள்கிறோம். பெறுபவர் அதில் வினாத்தாள் மட்டுமே. சித்தியடைவதும் தவறுவதும் தேர்வாளரின் செவியைப் பொறுத்தது.

இந்த உண்மையைக் கலைஞர் சிலர் வெளிப்படையாகவே உணர்த்தியுள்ளனர். சித்தார் மேதை விலாயத் கான் 1964இல் பத்மசிறீ விருதையும் 1968இல் பத்மபூஷணையும் ஏற்க மறுத்தார். தமது இசையை மதிப்பிடும் தகுதி தேர்வுக் குழுவினருக்கு இல்லை என்பது அவர் கூறிய காரணம். 2000ஆம் ஆண்டில் பத்மவிபூஷணையும் மறுத்தார். நம் வீடுகளின் வானொலிப் பெட்டிகளில் வாழ்ந்த குரலுக்குரிய எஸ். ஜானகி, 2013இல் பத்மபூஷண் தம்மைத் தேடி வந்தபோது, அது மிகவும் காலந்தாழ்த்தி வந்ததென்று கூறி ஏற்கவில்லை. தகுதியில்லார் கையிலிருந்து வருவது ஒரு குறை. காலம் கடந்து வருவது இன்னொரு குறை. நடுவர் ஆசனத்தில் அமரும் நாமெல்லோரும் இவ்விரண்டையும் நெஞ்சிற் பதித்தல் நன்று.

காலம் கடந்து வருவதற்கு நம் மண்ணிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி அவர்களின் தவிலைப் பற்றி நம் பெற்றோர் பேசக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நாம் பிறக்குமுன்னரே, 1975இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே அவர் மறைந்துவிட்டார். இணுவிலிலும் அளவெட்டியிலும் விடிய விடிய நடந்த மேளச் சமாவுக்கு அயலூர்களிலிருந்து வந்து மணலில் அமர்ந்து கேட்டவர்களின் செவிகளே அவருக்குக் கிடைத்த பெரும் பட்டயம். தமிழகத்தின் முன்னணி நாதஸ்வர வித்துவான்களும் அவர் தவிலை விரும்பி அழைத்தனர். அவரைப் பற்றி அம்ஷன் குமார் இயக்கிய ஆவணப்படம் 2015ஆம் ஆண்டுக்கான இந்தியத் தேசியத் திரைப்பட விருதொன்றைப் பெற்றது. மகிழ்ச்சியே. ஆயினும் அவர் கண்மூடி நாற்பது ஆண்டுகளின் பின், அவரைப் பற்றிய படத்துக்கு வந்த விருது அது. தவில் வாசித்த விரல்களுக்கு அது எட்டவில்லை.

விருதினால் உறவுகள் முறிவதையும் அண்மையில் கண்டோம். 2024ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதியாக டி. எம். கிருஷ்ணா தெரிவானதும் முன்னணிக் கலைஞர் சிலர் மார்கழி விழாவிலிருந்து விலகினர். எம். எஸ். அவர்களின் பெயரால் அதனுடன் வழங்கப்படும் பரிசு குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவ்வழக்கினால்தான் அம்மையார் 1997இல் எழுதிய உயிலைப் பற்றிப் பலரும் அறிந்தனர். தம் பெயரில் அறக்கட்டளையோ நினைவுச் சின்னமோ எதுவும் வேண்டாம் என்பது அவரது விருப்பம். 1998இல் பாரத ரத்னா பெற்ற முதல் இசைக் கலைஞர் அவர். எல்லா விருதுகளையும் கண்ட ஒருவர், தமக்குப் பின் எதுவும் வேண்டாமென்று எழுதிவைத்ததை நாம் அமைதியாகச் சிந்தித்தல் வேண்டும்.

அப்படியாயின் விருதே பயனற்றதா? அவ்வாறு நாம் கூறமாட்டோம். கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாட்டு கடைசியில் பாடும் துக்கடாவாக ஒதுக்கப்பட்டிருந்த காலமொன்று இருந்தது. அதனை மாற்ற அண்ணாமலை அரசர் முதலியோர் முயன்று, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவினர். அச்சங்கம் 1957 முதல் இசைப்பேரறிஞர் என்ற பட்டத்தை வழங்கி வருகிறது. யார் பெரியவர் என்று அளப்பதைவிட, தமிழில் பாடுவது பெருமைக்குரியது என்று ஊரறியச் சொல்வதே அதன் பெரும் பயனாயிற்று.

நாம் வாழும் இந்தக் கியூபெக் மாநிலமும் இதையே செய்தது. ஆங்கிலக் கடலின் நடுவே பிரெஞ்சு மொழியைக் காக்கும் இம்மக்கள், 1979 முதல் தம் பாடகர்களுக்கென ஒரு விருதை வழங்கி வருகின்றனர். அதன் பெயர் பெலிக்ஸ். பாடலாசிரியரும் பாடகருமான பெலிக்ஸ் லெக்லேரைப் போற்றும் வகையில் வந்த பெயர். அவரையும் 1950இல் பாரிஸ் நகரம் கைதட்டி வரவேற்ற பின்னரே சொந்த மண் நன்கு கண்டுகொண்டது. பிறர் சொல்லும்வரை காத்திராமல் நம்மவரை நாமே கேட்போம் என்ற உறுதி அப்பெயரில் அடங்கியிருக்கிறது. இசைத்தட்டு வணிகம் அதில் கலந்திருப்பதும் உண்மையே. இருப்பினும், சிறிய மொழியொன்று தன் குரலைத் தானே செவிமடுக்க உதவும் விருதுக்கு உண்மையான மதிப்பு உண்டு என்பதில் ஐயமில்லை.

இனி நம் மேடைக்கு வருவோம். பிள்ளை ஐந்து நிமிடம் பாடுகிறது. பொன்னாடை போர்த்தலும் புகைப்படம் எடுத்தலும் அரை மணித்தியாலம் நடக்கின்றன. இந்நகரில் ஒரு தவில் வித்துவான் இருக்கிறார். இரவில் தொழிற்சாலையில் வேலை. வார இறுதியில் கோயிலில் தவில். மாரி காலத்தில் வெப்பமூட்டிய அறைகளின் வறண்ட காற்றில் தவிலின் தோல் விறைத்துப் போவதைப் பற்றி அவரிடம் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு விருதுகளின் பக்கம் திரும்பியது. அவர் அலுமாரியைத் திறந்து காட்டினார்.

“பதினொரு பொன்னாடை கிடக்கு மாஸ்டர். ஒரு மணித்தியாலம் இருந்து கேக்கத்தான் ஆக்களில்லை.”

நமது கருத்து முழுவதும் அவர் சொன்ன இவ்விரு வரிகளில் அடங்கிவிட்டது. கலைஞனுக்கு நாம் கொடுக்கக்கூடிய விலைமதிப்புள்ள பொருள் நமது செவியும் நேரமுமே. அவற்றைக் கொடாமல் தப்பித்துக்கொள்ளும் வழியாகப் பொன்னாடை ஆகிவிட்டதோ என்று நாம் அஞ்சுகிறோம். கேட்டபின் கொடுக்கும் விருது நன்றியாகும். கேளாமற் கொடுக்கும் விருது வெறும் துணியாகும்.

ஆகவே, பாடசாலை நிர்வாகத்தின் முன் மூன்று யோசனைகளைப் பணிவுடன் வைக்கிறோம். முதலாவது, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர்க்கு முதலாம், இரண்டாம், மூன்றாம் இடங்கள் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பாட்டை முழுமையாகப் பாடட்டும். பிள்ளையிடம் உள்ள நன்மை ஒன்றையும், திருத்த வேண்டியது ஒன்றையும் நடுவர் தம் கைப்பட எழுதிக் கொடுக்கட்டும். இரண்டாவது, மூத்த மாணவர்க்குத் தரம் வகுப்போம். ஊரில் வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளில் தகுதி கண்ட அனைவரும் சித்தியடைவர். ஒருவர் சித்தியடைய மற்றவர் தோற்க வேண்டியதில்லை. அம்முறையே நமக்கும் ஏற்றது. மூன்றாவது, ஆண்டுக்கு ஒரேயொரு விருது இருக்கட்டும். இந்நகரில் கவனிப்பாரின்றிக் கலையைக் காத்துவரும் ஒருவருக்கு, அவர் வாழும்போதே அதனை வழங்குவோம். அன்று மாலை அவர் ஒரு மணித்தியாலம் வாசிக்க வேண்டும். மண்டபக் கதவுகளை மூடி, பேச்சுகளைக் குறைத்து, நாமனைவரும் பிள்ளைகளோடு அமர்ந்து கேட்க வேண்டும். கேடயத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சீவாளியோ, தவிலுக்குப் புதுத் தோலோ வாங்கிக் கொடுத்தால் அது மறுநாளே ஒலிக்கும்.

பரிசில்லாவிடின் பிள்ளைகள் ஊக்கமிழப்பர் என்போரின் கவலையை நாம் தள்ளிவிடவில்லை. ஆங்கிலமும் பிரெஞ்சும் பள்ளியில் பேசி, சனிக்கிழமைத் தூக்கத்தையும் துறந்து தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு ஊக்கம் கட்டாயம் வேண்டும். ஆனால் நம் ஊர்களில் இசை வளர்ந்தது கேடயங்களால் அன்று. திண்ணையில் இருந்த பாட்டனார் தலையசைத்துக் கேட்டதால் வளர்ந்தது. அந்தத் தலையசைவை இங்கு யார் கொடுப்பது? நாம்தாம் கொடுத்தல் வேண்டும்.

அந்தச் சிறுமியின் இடம் இசை வகுப்பில் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. விழா முடிந்த மறுவாரம் அவள் வீட்டுக்குச் செல்வதென்று முடிவு செய்துள்ளோம். கேடயம் எதையும் கொண்டுபோகப் போவதில்லை. அன்று பாடிய பாட்டை மீண்டும் ஒருமுறை பாடும்படி கேட்போம். இம்முறை பேனாவைச் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு, கடைசி வரி வரை இருந்து கேட்போம்.