பார்க்காமல் கொடுத்த எண்ணெய்

மார்பில் ஆறாத புண் என்று வரும் பெண்ணிடம், அந்தப் புண்ணைப் பார்க்காமலே தைலப் பாட்டிலைக் கொடுத்து அனுப்புவது குற்றம். பார்த்த பிறகும் பயாப்சிக்கு அனுப்பாமல், மாதக்கணக்கில் "பூசிக்கிட்டே வாம்மா" என்பதும் குற்றம்தான். சொல்பவர் பரம்பரை வைத்தியரா, பட்டம் பெற்றவரா என்பதெல்லாம் பிறகு.

எண்ணெயோடு நமக்குப் பகை இல்லை. வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால், சில நாளில் எண்ணெய் கருநீலமாகத் திரும்பும். காளாஞ்சகப்படைக்குச் சித்த மருத்துவர்கள் அதைத் தருகிறார்கள். புண்ணுக்கென்றே மத்தன் தைலம் இருக்கிறது. கல்வராயன் மலைக் கடுக்காய்க்குப் பேர்போன கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மூலிகையின் அருமையை யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் மார்பில் வருவதெல்லாம் ஒரே புண்ணா? மார்பின் அடிமடிப்பில் வியர்வை தங்கிப் படை வரும். பால் கட்டிச் சீழ் பிடிக்கும். பிள்ளை பெற்ற சில ஆண்டுகளில் காரணம் தெரியாத அழற்சிக் கட்டி வந்து, உடைந்து, ஆறி, மறுபடி உடையும். காசநோயும் இதே கோலத்தில் வரும். அதற்குக் குறைந்தது 6 மாதம் மாத்திரை வேண்டும், எந்தத் தைலமும் ஈடாகாது.

இவற்றில் மிகவும் ஏமாற்றுவது ஒரு பக்கக் காம்பில் மட்டும் தொடங்கும் அரிப்பு. செதில் உதிரும், நீர் கசியும், ஜாக்கெட்டில் கறை ஒட்டும். பார்வைக்கு வெறும் கரப்பான். 1874இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பேஜட் இப்படிக் காம்புப் புண் வந்த 15 பெண்களைப் பற்றி எழுதினார். அதிகம் போனால் 2 ஆண்டுக்குள் அத்தனை பேருக்கும் அதே மார்பில் புற்றுநோய் வந்திருந்தது. எண்ணெய் பட்டதும் செதில் இளகும், அரிப்பு தணியும். 'கேட்குது' என்று பூசுகிற பெண் நம்புவாள். உள்ளே நோய் வளர்ந்துகொண்டிருக்கும்.

பெண்கள் எண்ணெயை நாடுவதில் வியப்பில்லை. அதற்கு யார் முன்பும் ரவிக்கையை அவிழ்க்க வேண்டாம். எலவனாசூர்கோட்டையில் பஸ் ஏறித் தியாகதுருகம் தாண்டினால் கள்ளக்குறிச்சி. 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது. ஆனாலும் திரை இருக்குமா, பெண் மருத்துவர் இருப்பாரா என்று தெரியாமல் எந்தப் பெண் கிளம்புவாள்? அந்த உறுதியைத் தராத அரசுக்கும் இந்தப் பழியில் பங்குண்டு. மருமகளின் புண்ணை 'உடம்புச் சூடு' என்று மூடிவைக்கும் வீட்டாருக்கும் உண்டு.

புற்றுநோயைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. விளம்பரமே இல்லாமல், வாய்வார்த்தையாக "கட்டி கரைஞ்சிடும்" என்று விற்பவரின் பாவம் அதனால் குறைந்துவிடாது.

ஒரு பக்கம் மட்டுமா, எத்தனை நாளாக, கட்டி தட்டுப்படுகிறதா, காம்பு உள்ளே இழுக்கிறதா என்று எண்ணெய் தருபவர் கேட்டே ஆக வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் ஆறாவிட்டால், அரசு சித்தப் பிரிவிலிருந்தே அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குச் சீட்டு எழுதப்பட வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது பெண் மருத்துவர் தனி அறையில் மார்பு நோய்களைப் பார்க்க வேண்டும். அது எந்த நாள் என்று எலவனாசூர்கோட்டைப் பஸ் நிறுத்தத்தில் மாவட்ட நிர்வாகம் எழுதி ஒட்ட வேண்டும்.