ஏட்டில் உறங்கும் கூத்தை எழுப்புவார் யார்?

தமிழை முத்தமிழ் என்று போற்றாத தமிழ்மேடை இல்லை. ஆயினும் அம் மூன்றனுள் இயற்றமிழ்க்குக் கல்லூரிகள் உண்டு. இசைத்தமிழ்க்கு 1943-ஆம் ஆண்டிலேயே சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. நாடகத்தமிழ்க்கோ சொல்லளவில் ஒரு வணக்கமும் செயலளவில் ஒரு புறக்கணிப்புமே எஞ்சின. அந் நாடகத்தமிழிலும் பாட்டையே உயிராகக் கொண்ட கூத்தும் இசைநாடகமும் அடைந்த புறக்கணிப்பு மிகப் பெரிது. அவற்றை மீட்பவர் யார்? அரசின் விருதுகள் மீட்கா. திரைப்பட முதலாளிகள் மீட்கார். ஊதியம் கருதாது, பகலெல்லாம் வேறு தொழில் செய்து, மாலையில் ஒன்றுகூடிப் பாடிப் பழகும் பயில்முறை நாடகக் குழுக்களே அதனைச் செய்யவல்லவை. வரலாறு அதற்குச் சான்று பகர்கின்றது.

கூத்து என்னும் ஒரு சொல்லின் வரலாறே தமிழினத்தின் வீழ்ச்சியைக் காட்டும். தொல்காப்பியம் கூத்தரைப் பாணர், பொருநர், விறலியரோடு ஒருங்கு வைத்து எண்ணுகின்றது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் கூத்தராற்றுப்படை என்றே பெயர் பெறும். இளங்கோவடிகள் ஆடலரங்கின் நீள அகலங்களையும் அரங்கேற்று காதையில் வகுத்துரைத்தார். அடியார்க்கு நல்லார் அதற்கு உரை விரித்தார். தில்லையில் ஆடும் இறைவனையே கூத்தன் என்றனர் முன்னோர். அத்தகைய சொல் இன்று என்னவாயிற்று? ஒருவரை இழித்துரைக்கக் 'கூத்தாடி' என்கின்றனர். ஒழுங்கற்ற செயலைக் 'கூத்தடித்தல்' என்கின்றனர். இச் சொல்லை இழிவாக்கியவர் அயலார் அல்லர். ஆடுவோர் உழைக்கும் மக்கள் என்பதனாலும், அவருள் பலர் ஒடுக்கப்பட்ட குடியினர் என்பதனாலும், படித்த தமிழரே அதனை இழிவாக்கினர். சாதிச்செருக்கு நம் மொழிக்குச் செய்த கேடுகளுள் இதுவும் ஒன்று.

இசைநாடகத்தின் இயல்பு ஒன்றை முதற்கண் உணர வேண்டும். உரைநடை நாடகத்தை நூறாண்டு கழித்தும் நூலிலிருந்து எடுத்து நடித்துவிடலாம். கூத்து அவ்வாறன்று. இப்பாட்டுக்கு இன்ன மெட்டு, இத் தருவுக்கு இன்ன தாளக்கட்டு, அரசன் வரவுக்கு இன்ன ஆட்டம் என்பனவெல்லாம் அண்ணாவியாரின் குரலிலும் காலிலும், மத்தளம் கொட்டுவோரின் விரலிலும் இருப்பவை. பழக்கிய மாணாக்கர் இல்லாமல் அவர் மறைந்துவிட்டால் ஏடு மட்டுமே எஞ்சும், பாட்டு எஞ்சாது.

ஏடாகவே எஞ்சியவை எத்தனை! முக்கூடற்பள்ளு தேர்வுத்தாளில் வினாவாக வருகின்றது. அதனை ஒருவர் மேடையில் பாடி ஆடக் கண்ட மாணவர் எத்துணைப் பேர்? சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) இயற்றிய இராம நாடகத்தின் பாட்டுகள் சில இசையரங்குகளில் துண்டு துண்டாக ஒலிக்கின்றன. அதை முழு நாடகமாகக் கண்டவர் எத்துணைப் பேர்? நொண்டி நாடகங்கள் என்றொரு வகையே இருந்தது என்பதைத் தமிழ் படித்தவருள்ளும் பலர் அறியார்.

சங்கரதாசு அடிகளின் (1867–1922) நாடகங்களைப் பாருங்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரன், சத்தியவான் சாவித்திரி என ஒரு சிலவே ஊர்த் திருவிழாக்களில் மீண்டும் மீண்டும் நடைபெறுகின்றன. அபிமன்யு சுந்தரி, சதி சுலோசனா போன்றவற்றைக் கேட்பார் அரியர். இது நடிகரின் குற்றமன்று. 'சுபெசல் நாடகம்' என்று வழங்கும் முறையில் நடிகர்கள் தனித்தனியே வெவ்வேறு ஊர்களிலிருந்து அழைக்கப்படுகின்றனர். ஒத்திகை என்பதே இல்லை. அன்றிரவு மேடையில் எதிர்ப்பட்டு ஆடிப் பாடுவர். ஆகவே அனைவர்க்கும் முன்பே மனப்பாடமான நாடகத்தைத்தான் நடத்த முடியும். அவர்தம் ஆற்றல் வியக்கத்தக்கது. எனினும் அம் முறையில் அறியாத நாடகம் ஒன்று புதிதாய் மேடையேற வழியில்லை. வயிற்றுப்பாட்டுக்கு ஆடுவோரிடம் ஆறு திங்கள் ஒத்திகையை எதிர்பார்ப்பதும் முறையன்று. ஒன்றாய் அமர்ந்து ஒரே நாடகத்தை நாள்தோறும் பயிலும் நிலையான குழு வேண்டும். அதனாற்றான் பயில்முறைக் குழுக்களை நோக்குகின்றோம்.

தமிழகத்தில் அத்தகைய குழு தோன்றாமலில்லை. பம்மல் சம்பந்தனார் (1873–1964) முதலியோர் 1891-ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபை, வழக்கறிஞரையும் அலுவலரையும் மேடையேற்றியது. நாடகம் கற்றோர்க்குத் தகாதது என்னும் பழி ஓரளவு நீங்கிற்று. ஆனால் அம் முயற்சி பாட்டைக் குறைத்து உரையாடலை வளர்த்தது. மேனாட்டு நாடகங்களையும் வடமொழி நாடகங்களையும் தழுவி நடந்தது. மேடைக்கு மதிப்பு வந்தது; கூத்துக்கு வரவில்லை.

அக் குறையை நிறைவுசெய்தோர் கடலுக்கு அப்பால் ஈழத்தில் தோன்றினர். அதன் பின்னணியை ஒவ்வொரு தமிழரும் அறிதல் வேண்டும். 1956-ஆம் ஆண்டு, சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று இலங்கைப் பாராளுமன்றம் சட்டம் இயற்றிய ஆண்டு. அதே ஆண்டில்தான் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரர் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'மனமே' என்னும் இசைநாடகத்தை அரங்கேற்றினார். சிங்கள மக்கள் அதனைத் தம் தேசிய நாடகத்தின் பிறப்பு என்று கொண்டாடினர். அவ்வடிவம் எங்கிருந்து வந்தது? சிற்றூர்களில் ஆடப்பட்ட 'நாடகம' என்னும் சிங்களக் கூத்திலிருந்து. நாடகம எங்கிருந்து வந்தது? கத்தோலிக்கத் தமிழரின் கூத்திலிருந்து. பெயரே தமிழ், மெட்டு தென்னாட்டு இசை. இதனைச் சரச்சந்திரரே தம் ஆய்வில் மறையாது எழுதினார். அவர்பால் குறை காண இடமில்லை. தம் சிற்றூரார் பேணியதை மதித்தெடுத்துச் செம்மையாக்கினார். தம் இனத்துக்குப் பெருமை தேடினார். கடன் கொடுத்த தமிழரோ தம் வீட்டுச் செல்வத்தைத் திண்ணைக்கு வெளியே எறிந்திருந்தனர். வெட்கம் யாருக்கு?

அவ் வெட்கத்தை உணர்ந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தனார் (1924–1989). இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை ஏற்ற அவர், மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம் எனச் சிற்றூர்தோறும் அண்ணாவிமாரைத் தேடிச் சென்றார். அவர்க்கு மாநாடு கூட்டினார். கூத்துப் போட்டிகள் நடத்தினார். அலங்காரரூபன் நாடகம், எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம், மூவிராசாக்கள் நாடகம் ஆகிய கூத்து நூல்கள் 1960-களில் அவரால் அச்சேறின. நூலாக்கியதோடு அவர் நின்றாரில்லை. பேராதனையில் பயின்ற தமிழ் மாணவரையே கூத்தராக்கினார். 1962-இல் கர்ணன் போர், 1963-இல் நொண்டி நாடகம், 1964-இல் இராவணேசன், 1968-இல் வாலிவதை என ஒன்றன்பின் ஒன்றாக மேடையேறின.

அம் மாணவர் கூலி பெற்ற நடிகர் அல்லர். வகுப்பு முடிந்தபின் சலங்கை கட்டியவர். அவருக்குக் கற்பித்தவர் பட்டம் பெற்ற ஆசிரியர் அல்லர். ஊரில் கூத்துப் பழக்கிய அண்ணாவியார். பேராசிரியரும் மாணவரும் சிற்றூர்க் கலைஞர் ஒருவர்க்கு மாணாக்கராகி நின்ற அக் காட்சியே ஒரு புரட்சி. விடிய விடிய ஆடிய கூத்து ஒன்றிரண்டு மணி நேர அளவில் சுருங்கிற்று. வட்டக்களரியில் ஆடியது படச்சட்ட மேடைக்கு வந்தது. வட்டக்களரியை விட்டதனால் கூத்தின் இயல்பு குறைந்தது என்று பின்னர்ச் சிலர் எழுப்பிய கேள்வி முறையானதே. ஆயினும் அன்று அது நகர மேடைக்கு வந்திராவிடில், இன்று அக் கேள்வியை எழுப்பவும் ஆள் இருந்திரார். இராவணனாக அன்று ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பிற்காலத்தில் பேராசிரியராகித் தம் வாழ்நாளையே கூத்துக்கு ஈந்தார். 2000-க்குப் பின்னும் இராவணேசனைப் புதுக்கி மேடையேற்றினார். ஒரு நாடகம் ஒரு குழுவை ஆக்கிற்று. அக் குழு ஓர் ஆசிரியரை ஆக்கிற்று. அவ்வாசிரியர் அடுத்த தலைமுறையை ஆக்கினார்.

பழங்கூத்து பழங்கதைக்கு மட்டுமே உதவும் என்பார்க்கும் ஈழமே விடை தந்தது. 1968-இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட தமிழர் கோயில் நுழைவுக்குப் போராடினர். அதனையொட்டி யாழ்ப்பாணத்து 'அம்பலத்தாடிகள்' என்னும் பயில்முறைக் குழு, காத்தவராயன் கூத்தின் நடையில் 'கந்தன் கருணை' என்னும் நாடகத்தை ஊர் ஊராக ஆடியது. எந்தச் சாதிச்செருக்குக் கூத்தை இழித்ததோ அந்தச் செருக்கின் முன்னே கூத்தே எழுந்து நின்று வழக்குரைத்தது.

இனித் தனித்தமிழ் அன்பர் சிலர்க்கு எழக்கூடிய ஓர் ஐயம். பழைய கூத்து ஏடுகளில் வடசொற்கள் மலிந்துள்ளனவே; அவற்றை நாம் பாடலாமா? களைந்துவிட்டுப் பாடினால் என்ன? களைதல் கூடாது என்பதே நேரிய விடை. பழைய ஏடு ஒரு கல்வெட்டைப் போன்றது. கல்வெட்டில் பிறசொல் இருக்கிறதென்று உளியால் செதுக்குவாரில்லை. சொல்லை மாற்றினால் எதுகை முறியும். எதுகை முறிந்தால் தாளக்கட்டுச் சாயும். ஈற்றில் கூத்தும் இராது, தமிழும் இராது. பழையதை உள்ளவாறே பாடுக. அம் மெட்டுகளைக் கற்றுத் தேர்ந்தபின் தூய தமிழில் புதிய கூத்துகளை எழுதுக. தனித்தமிழ் இயக்கம் நாடகத்துக்குப் புறம்பானதன்று. தம் பெயரையே தமிழாக்கிக்கொண்ட பரிதிமாற் கலைஞர் (1870–1903) 1897-இல் நாடகவியல் என்னும் இலக்கணம் வகுத்தார். 1916-இல் இவ்வியக்கத்தைத் தோற்றுவித்த மறைமலையடிகள் சாகுந்தலத்தைத் தமிழில் தந்தவர். முன்னோர் தொட்ட துறையைப் பின்னோர் கைவிட்டதே பிழை.

பிறரிடமிருந்து கற்கவும் தயங்க வேண்டுவதில்லை. தஞ்சைக்கு அருகே மேலட்டூரில், வேங்கடராம சாத்திரியார் இயற்றிய தெலுங்கு இசைநாடகங்களை ஆண்டுதோறும் நரசிம்மர் விழாவில் ஆடிவருகின்றனர். ஆடுவோர் நாடகத்தால் பிழைப்பவர் அல்லர். பல தொழில்களில் இருப்பவர். விழாக்காலத்தில் ஊர் திரும்பி வேடம் புனைகின்றனர். தமிழ்மண்ணின் நடுவே தெலுங்குப் பாட்டா என்று சினப்பதற்கு முன், அவர் தம் பாட்டன் பாட்டை மறவாதது போல் நாம் நம் பாட்டன் பாட்டைப் பேணினோமா என்று வினவிக்கொள்வதே மானமுடைமை.

செய்யவேண்டுவது பெரிதன்று. ஒவ்வொரு தமிழ்மன்றமும் பத்துப் பதினைந்து பேரைக் கொண்ட ஒரு குழு அமைக்கட்டும். பலரும் ஆடும் நாடகத்தை விட்டு, எவரும் ஆடாத ஒன்றை ஆண்டுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளட்டும். அறிந்த கலைஞரை நகரத்துக்கு வரவழைத்து ஒரு பொன்னாடையோடு அனுப்பிவிடாமல், அவர் ஊருக்கே சென்று, உரிய பொருள் கொடுத்து, அமர்ந்து கற்கட்டும். மேடையில் எவ்வளவு சுருக்கினும், முழுப் பாட்டையும் ஒலியாகவும் ஒளியாகவும் பதிந்து வைக்கட்டும்; இன்று கைப்பேசி ஒன்றே அதற்குப் போதும். மெட்டு மறந்துபோன இடத்தில் திரைப்பாட்டின் மெட்டைச் செருகும் இழிசெயலை மட்டும் எக்காலும் செய்யற்க. இழப்பு இழப்பாகவே தெரியட்டும். ஒட்டுப்போட்டு மறைக்க வேண்டா.

1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓலைச்சுவடிகளும் உடன் எரிந்தன. ஏட்டை எரிக்கப் பகைவன் வேண்டும். பாட்டை அழிக்கப் பகைவனும் வேண்டா. நம் வாளாமையே போதும். 2009-இல் முடிந்த போரில் எத்தனை அண்ணாவிமாரோடு எத்தனை மெட்டுகள் மண்ணுக்குள் போயின என்று எண்ணிச் சொல்வார் யார்? எஞ்சியிருப்போர் முதியர். அவர் பாடுவதற்கு அணியமாக இருக்கின்றனர். கேட்டுப் பழகுவதற்கு இளைஞர் எழுவார்களா என்பதே கேள்வி.

தமிழ் வெல்க என்று முழங்கும் தொண்டைகள் நம்மிடம் பல உண்டு. அவற்றுள் சில, மாலைதோறும் ஒரு மணி நேரம், மறந்துபோன ஒரு கூத்தின் வரவுப்பாட்டைப் பழகத் தொடங்கட்டும். முத்தமிழ் என்னும் சொல் அன்று மெய்யாகும்.