நோயாளிக்கு மட்டும் தெரியாத நோய்

கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் புற்று என்பது வணக்கத்துக்குரிய சொல். வேப்பமரத்தடிப் புற்றுக்குப் பாலூற்றி, மஞ்சள் தெளித்து, அதன் மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ளும் வழக்கம் இன்றும் அங்கே உண்டு. அதே சொல்லோடு நோய் என்பதைச் சேர்த்துவிட்டால் போதும், பேச்சு தாழ்ந்துவிடுகிறது. 'கட்டி' என்பார்கள், 'அந்தச் சீக்கு' என்பார்கள், இன்னும் தாழ்ந்த குரலில் 'கேன்சராமா' என்பார்கள். ஊரெல்லாம் அறிந்த அச்செய்தி ஒருவர் காதில் மட்டும் விழாமல் காக்கப்படுகிறது. அவர்தான் நோயாளி.

இதைக் குறையாகச் சொல்லத் தொடங்குமுன் நிறையைச் சொல்லிவிட வேண்டும். கோவையின் பெரிய மருத்துவமனை எதிலேனும் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவின் முன்னே ஒரு காலைப்பொழுது அமர்ந்து பாருங்கள். தனியாக வந்தவரைக் காண்பது அரிது. மகன், மருமகள், கொழுந்தனார், பங்காளி வீட்டுப் பையன் என்று ஒருவருக்கு இருவராக வந்திருப்பார்கள். கோபிசெட்டிபாளையத்திலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் உடுமலையிலிருந்தும் முதல் பேருந்தில் வந்தவர்கள். தூக்குப்போசியில் இரசஞ்சோறு இருக்கும். வாரத்துக்கு 5 நாள், பலருக்கு 5, 6 வாரங்கள் வரை இச்சிகிச்சை நீள்கிறது. கருவியின் கீழ்க் கிடப்பது சில நிமிடங்களே. மற்றதெல்லாம் பயணமும் காத்திருப்பும்.

அந்த வாரங்களில் ஊரில் மாட்டை யார் கறப்பது? ஆதரவு என்பதை நாங்கள் இக்கேள்வியிலிருந்தே அளக்க விரும்புகிறோம். கொங்குக் குடியானவர் வீடு தெருவில் இல்லை, தோட்டத்துச் சாளையில் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் ஆளிராது. எனினும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் விடியலில் வந்து பாலைக் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டுப் போவார். தண்ணீர் முறை வரும் நாளில் மச்சான் வந்து மடை திருப்புவார். விசைத்தறி வீடாக இருந்தால் தறியை ஓட்ட உறவில் ஓர் ஆள் கிடைப்பார். இதற்குக் கூலியும் இல்லை, நன்றி சொல்லும் வழக்கமும் இல்லை. 2009இல் தொடங்கி 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக உருமாறிய அரசுக் காப்பீடு, பல ஏழைக் குடும்பங்களைக் கடனிலிருந்து காத்திருக்கிறது. ஆனால் துணைக்கு வருபவரின் இழந்த கூலியையும் கறக்கப்படாத மாட்டையும் எந்தக் காப்பீடும் ஈடுசெய்வதில்லை. அங்கே நிற்பது உறவு ஒன்றே.

அதே உறவு நலம் விசாரிக்க வரும்போது செய்வது வேறு. வாடகைக் காரில் ஐந்தாறு பேர், கையில் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் புட்டியும். வேதிச் சிகிச்சைக்குப் பின் வரும் முதலிரு வாரங்களில் இரத்த வெள்ளணுக்கள் குறைந்து, சிறு சளியும் பெருங்கேடாகக்கூடும் என்று மருத்துவர் சொல்லியிருப்பார். 'வராதீர்கள்' என்று சொல்ல நம் மொழியில் நாகரிகமான வாக்கியமே இல்லை. நோயாளி வீட்டின் தலைவியாயின் நிலைமை இன்னும் விந்தையானது. தம் நோயை விசாரிக்க வந்தவர்களுக்கு அவரே எழுந்து காப்பி போடுவார்; 'சாப்புட்டுட்டுத்தான் போகோணும்' என்பார். வந்தவர்களும் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள்!

இனி, மறைத்தலுக்கு வருவோம். சோதனை முடிவு வந்ததும் மருத்துவர் அறைக்குள் செல்வோர் ஆண்மக்கள். நோயாளி வெளியே நாற்காலியில். திரும்பி வந்து, 'ஒண்ணுமில்லீங்கம்மா, சின்னக் கட்டிதான், ஊசி போட்டாக் கரைஞ்சிருமாம்' என்பார்கள். இதில் வஞ்சகம் இல்லை என்பதை அறிவோம். தெரிந்தால் மனம் விட்டுவிடுவார் என்ற அச்சம் அன்பிலிருந்து பிறப்பது. எங்களுள் இருவர் தம் வீட்டில் இந்த வாசலில் நின்றவர்கள். அந்த நொடியில் பொய் எவ்வளவு எளிதாக நாவில் வந்து அமரும் என்பதை அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஆயினும் இப்பொய் செய்யும் தீங்கு சிறிதன்று. சின்னக் கட்டிக்கு ஏன் 21 நாளுக்கொருமுறை ஊசி, ஏன் இந்த வாந்தி, ஏன் வாயெல்லாம் புண் என்று அவருக்கு விளங்குவதில்லை. விளங்காத வேதனையை எத்தனை நாள் தாங்குவார்? கட்டி சுருங்கியதும், 'செரியாப் போச்சு, இனி வேண்டாம்' என்று நடுவழியில் நின்றுவிடுவோர் உண்டு. அவர்களைக் கடிந்து என்ன பயன்? எதற்குச் சிகிச்சை என்பதையே நாம் சொல்லவில்லையே. குணமாக வாய்ப்பற்ற நோயென்றால் இழப்பு வேறு வகையானது. பேத்தியின் சீரை இன்னாரிடம் கொடு என்று சொல்லவோ, பத்தாண்டாகப் பேசாத தம்பியை அழைத்துவரச் சொல்லவோ அவருக்கு நாள் கிடைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பெரும்பாலோர் அறிந்துவிடுகிறார்கள். கதிர்வீச்சுப் பிரிவின் வாசலில் ஆறு வாரம் அமர்ந்தவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் போதாதா? அறிந்தபின், பிள்ளைகள் வருந்துவார்களே என்று அவரும் அறியாதவர்போல் நடிக்கிறார். ஒரே வீட்டுக்குள் இரு தரப்பும் ஒருவரையொருவர் காக்கின்றன. இருவரும் தனித்தே அழுகின்றனர்.

அறிந்து தாங்க முடியுமா என்று கேட்போருக்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய நிகழ்வு உண்டு. திருவண்ணாமலையில் இரமண மகரிஷியின் இடக்கையில் தோன்றிய கட்டி சார்கோமா என்னும் புற்று. 1949இல் மட்டும் நான்கு முறை அறுவை நடந்தது. ஆங்கில மருத்துவர், நாட்டு வைத்தியர், ஹோமியோபதியர் என்று அன்பர்கள் அழைத்துவந்த எவரையும் அவர் தடுக்கவில்லை; கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனையை மட்டும் ஏற்கவில்லை. 1950 ஏப்ரல் 14இல் மறையும் வரை தரிசனத்துக்கு வந்தோரை விலக்கவுமில்லை. ஞானியின் மனவலிமையை நம் அப்பாருவிடமும் அமத்தாவிடமும் எதிர்பார்க்கவில்லை. எங்கள் கண்ணில் படுவது வேறொன்று. எதை ஏற்பது, எதை மறுப்பது என்ற முடிவு நோயுற்றவர் கையில் இருந்தது. சுற்றியிருந்தோர் அதற்குப் பணிந்தார்கள்.

பத்தி மருத்துவத்துக்குப் பகை என்று சிலர் எழுதுவதையும் எங்களால் முழுதும் ஒப்ப இயலவில்லை. அறுவைக்குமுன் குலதெய்வக் கோயிலில் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூ வந்தால் மனம் நிலைகொள்கிறது. அந்நிலைகொள்ளல் அறுவை அரங்கு வரை உடன் செல்கிறது. கருமத்தம்பட்டி மாதாவிடம் மெழுகுதிரி ஏற்றுவோருக்கும் பள்ளிவாசலில் ஓதிவரச் செய்வோருக்கும் கிடைப்பது இதுவே. கேடு வருவது பூ வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கும்போது. மனைவிக்கு ஊசி போடும் வாரத்தில் நேர்ந்துகொண்ட பாதயாத்திரைக்குக் கிளம்பும் கணவரிடமும் ஒன்று சொல்லலாம்: பழனியாண்டவர் தவணை தவறினால் வட்டி போடுபவர் அல்லர். அடுத்த தைப்பூசத்துக்கு நடந்துகொள்ளலாம்.

மார்பில் தட்டுப்பட்ட கட்டியைக் கணவரிடமும் சொல்லாமல் ஓராண்டு வைத்திருக்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளோடு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. மறு ஆண்டு அங்கே சேர்ந்த மருத்துவர் சாந்தா, 2021இல் மறையும் வரை இது குணமாக்கக்கூடிய நோய், சீக்கிரம் வாருங்கள் என்பதையே சொல்லிவந்தார். இன்று கோவையிலேயே எல்லாச் சிகிச்சையும் கிடைக்கிறது. மருத்துவமனை அருகே வந்துவிட்டது. நோயின் பெயர் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை.

இவ்வளவு சொன்னபின், எல்லாப் பொய்யையும் நாங்கள் வெறுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் ஊசி போட்ட இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டுகிறது. ஆணுக்கு அது பெரிதன்று. பெண்ணின் மழித்த தலைக்கு நம் சமூகம் ஏற்றிவைத்த பொருள்கள் பழையவை, கொடியவை. ஆனால் இம்மண்ணில் ஒரு தப்பும் வழி இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, பொள்ளாச்சிப் பக்கத்தவர், நோயின் பெயர் முதல் சிகிச்சையின் நாள்வரை அறிந்தவர், கொட்டத் தொடங்கியதுமே முழுதும் மழித்துக்கொண்டார். சந்தையில் யாரேனும் உற்றுப் பார்த்தால், 'பழனிக்கு முடி குடுத்தனுங்க' என்பார். கேட்டவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார். யாரிடம் மெய் சொல்வது, யாரிடம் பழனியைச் சொல்வது என்பதை அவர் தீர்மானித்தார். வீட்டில் எவரும் அவருக்காகத் தீர்மானிக்கவில்லை.

சிகிச்சை முடிந்த சில மாதத்தில் அவருக்கு முடி திரும்ப வந்தது, முன்னில்லாத சுருட்டையாக. அது தோளைத் தொடுமளவு வளர்ந்ததும் குடும்பத்தோடு மலையேறி அதை உண்மையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். 'சொன்ன கணக்கு ஒண்ணு பாக்கியிருந்துதுங்க' என்றார்.